ஆந்தை என்ன தப்பு பண்ணிச்சு?

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளிடம் சாதியைப் பற்றி நேராகப் பேச முடியாது. பேசினால் அன்றைக்கு ராத்திரியே யாராவது ஒருவருடைய அப்பா வீட்டு வாசலில் வந்து நிற்பார். பேசாமல் விடவும் முடியாது. பிள்ளைகள் நாள் முழுக்க அதைத்தான் வேறு வார்த்தைகளில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தெரு, யார் வீட்டு ஆள், கையில் என்ன கலர் கயிறு, சைக்கிளில் என்ன கலர் பெயிண்ட். பதினாறாம் வாய்ப்பாடு வருவதற்கு முன்னாலேயே இதெல்லாம் மனப்பாடம் ஆகிவிடுகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எதுவும் பள்ளிக்கூடத்துக்குள் வரக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அறுக்கட்டும், நல்லதுதான். ஆனால் எங்கள் ஊரில் பையன்கள் கயிறு கட்டுவது பதிமூன்று, பதினான்கு வயசில். யாரோடு உட்காரலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்பதை அதற்கு ஆறேழு வருஷம் முன்னாலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள். அந்த வயசுப் பிள்ளைகளிடம் பேச விலங்குக் கதையை விட்டால் எனக்கு வேறு வழி தென்படவில்லை.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்காரி. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பித்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். கொரோனா காலத்தில் பிள்ளைகள் மறந்துபோன எழுத்தையும் கணக்கையும் சாயங்கால வேளையில் சொல்லிக்கொடுக்க வேண்டும், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் மையம் ஆரம்பப் பள்ளி வராந்தாவில் நடந்தது. மேலத்தெருவில் இருந்தும் வருவார்கள், காலனியில் இருந்தும் வருவார்கள். இரண்டு பாய் விரித்தேன். யாரும் சொல்லாமலே இந்தத் தெருப் பிள்ளைகள் ஒரு பாய், அந்தத் தெருப் பிள்ளைகள் ஒரு பாய் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பாயில் இடம் போதாமல் நாலு பேர் வெறும் சிமெண்டுத் தரையில் இருப்பார்கள், அடுத்த பாய் பாதி காலியாகக் கிடக்கும்.

வாசிப்புப் பழக்கத்துக்காகத்தான் பஞ்சதந்திரக் கதைகளைக் கையில் எடுத்தேன். காக்கைக்கும் ஆந்தைக்கும் பகை வந்த கதை வரும்போதுதான் இது வேறு மாதிரிப் போகிறது என்று தெரிந்தது.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பறவைகள் எல்லாம் கூடுகின்றன. ராஜாவான கருடன் எப்போதும் பெருமாளோடேயே இருக்கிறான், நம்மைக் கவனிப்பதில்லை, புது ராஜா வேண்டும் என்று பேசி ஆந்தைக்குப் பட்டம் கட்ட ஏற்பாடு செய்கின்றன. எல்லாம் தயார். அப்போது ஒரு காகம் வந்து, என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறது. "மூக்கு வளைஞ்சிருக்கு, கண்ணு முழிச்சிக்கிட்டு இருக்கு. கோவம் வராதப்பவே மூஞ்சி இப்படி இருக்குன்னா, கோவம் வந்தா எப்படி இருக்கும்?" அவ்வளவுதான். கூட்டம் கலைந்துவிடுகிறது. ஆந்தை சிம்மாசனத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறது, ஏன் இன்னும் அபிஷேகம் ஆரம்பிக்கவில்லை என்று கேட்டபடி.

"ஆந்தைக்கு ஏன் பதவி கிடைக்கல?" என்று கேட்டேன்.

"மூஞ்சி சரியில்ல எக்கா."

"சரி, ஆந்தை என்ன தப்பு பண்ணிச்சு?"

உடனே பதில் வரவில்லை. மூன்றாவது படிக்கிற ஒரு பையன், "ராத்திரி கத்தும். கத்துனா சாவு விழும்" என்றான். ரெண்டு பாயில் இருந்தும் ஆமா ஆமா என்று சத்தம். அதில் மட்டும் ஊர் ஒற்றுமை! அப்போது காலனிப் பக்கம் இருந்து ஒரு பிள்ளை, அதிகம் வாயே திறக்காதவள், "எங்க தாத்தா நெல்லு வயல்ல ஆந்தை உக்காரட்டும்னு கம்பு நட்டு வச்சிருக்காவ. ராத்திரி வந்து எலியப் புடிக்கும்" என்றாள். மேலத்தெருப் பையன் ஒருத்தன் திரும்பிப் பார்த்து, "எங்க வயல்லயும் இருக்கு" என்றான். அந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை நான் அதற்கு முன்னால் கவனித்தது இல்லை.

இதில் இருந்து நான் பிடித்துக்கொண்டது, கேள்வியை எப்படிக் கேட்பது என்பதை. "யாரையும் முகத்தைப் பார்த்து எடை போடலாமா?" என்று கேட்டிருந்தால் எல்லாரும் ஒரே குரலில் "கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு நமக்கு என்ன பதில் வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். ஆந்தை என்ன தப்பு பண்ணியது என்று கேட்டால் தேட வேண்டியிருக்கிறது. தேடுகிறபோது கையில் ஒன்றும் அகப்படுவதில்லை. ஒன்றும் அகப்படவில்லை என்று அவர்களே சொல்கிற அந்த நிமிஷத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். "இதனால் அறியப்படும் நீதி யாதெனில்" என்று புத்தகத்தில் அச்சடித்திருப்பதை வாசிப்பதே இல்லை. வாசித்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

அந்தக் கதையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. குழந்தைகளுக்கான சின்னப் பதிப்புகளில் பெரும்பாலும் அதை வெட்டிவிடுகிறார்கள். "உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்? இன்றையில் இருந்து உன் வம்சத்துக்கும் என் வம்சத்துக்கும் பகை" என்று ஆந்தை சொல்லிவிட்டுப் போன பிறகு, காகம் தனியாக இருந்து வருத்தப்படும். எதற்கு இந்தப் பேச்சு பேசினோம், நமக்கென்ன வந்தது என்று. நான் அதைத் தவறாமல் சொல்வேன். சொல்லிவிட்டு, "அன்னைக்கு சாயங்காலமே காக்கா என்ன பண்ணியிருக்கலாம்?" என்று எழுதச் சொல்வேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்று பாதிப் பேர் எழுதுவார்கள், அது பரீட்சை பதில். ஒரு பையன் எழுதியிருந்தான்: "மன்னிப்பு கேட்டாலும் ஆந்தை கதவத் திறக்காது. மத்த பறவைங்க கிட்ட போய் நான் சொன்னது பொய்னு சொல்லணும்." நாலாம் வகுப்பு. கூட்டத்தின் முன்னால் சொன்ன சொல்லைக் கூட்டத்தின் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிகிறது. எத்தனை ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், சொல்லுங்கள்.

கதை அதோடு நிற்பதில்லை. காகங்களின் மந்திரி அடிபட்டவன் போல நடித்து ஆந்தைகளின் குகைக்குள் போய், வாசலில் சுள்ளி சேர்த்து வைத்து, பகலில் கண் தெரியாத நேரம் பார்த்துக் காகங்களை வரவழைத்துத் தீ வைக்கிறான். பகலில் காக்கை கூகையை வென்றுவிடும் என்று குறளிலேயே வருவதால் பெரிய பிள்ளைகளுக்கு இது பழக்கமான விஷயம். தீ வைக்கிற இடத்தில் எல்லாரும் கை தட்டுவார்கள். தட்டி முடிக்கட்டும் என்று விடுவேன். அப்புறம், "குகைக்குள்ள குஞ்சு இருந்திருக்குமா?" என்று மட்டும் கேட்பேன். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் வைத்து 44 தலித் மக்களைத் தீ வைத்து எரித்தது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கைதட்டலைக் கேட்டுவிட்டுச் சும்மா அடுத்த கதைக்குப் போக என்னால் முடியாது.

பஞ்சதந்திரம் அப்படிப்பட்ட புத்தகம்தான், அதன் மேல் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. படிப்பு ஏறாத மூன்று ராஜகுமாரர்களுக்கு விஷ்ணுசர்மா அரசியல் சொல்லிக்கொடுப்பதாக அதன் ஆரம்பமே இருக்கிறது. ஜெயிப்பது எப்படி, எதிரியை நம்பாமல் இருப்பது எப்படி என்பதுதான் பாடத்திட்டம். கிரேக்கக் கதைக்காரர் ஈசாப் அடிமையாக இருந்தவர் என்று பழைய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் காலத்தில் இருந்தே சொல்கிறார்கள். அவர் பெயரில் வழங்கும் கதைகளில் பலவற்றில் ஆட்டுக்குட்டியின் பக்கம் இருந்து பார்க்கலாம். பஞ்சதந்திரத்தில் எப்போதும் மந்திரியின் பக்கம் இருந்துதான் பார்க்க வேண்டும். கதையைக் கையில் எடுக்கும்போது இது யார் யாருக்குச் சொன்ன கதை என்று ஒரு தடவை யோசித்துக்கொள்வது நல்லது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விலங்குக் கதையில் ஒவ்வொரு விலங்கும் ஒரு ஜாதி. பூனை எலியைத் தின்னும், அது பூனையின் பிறவி. நரி தந்திரம், கழுதை முட்டாள், ஓநாய் கொடூரம். மாறவே மாறாது. பிள்ளைகள் இதை அப்படியே மனிதருக்கும் பொருத்திக்கொண்டால் என்ன ஆகும்? எங்கள் ஊரில் பாட்டிமார் இரண்டு தெருவைப் பற்றிப் பேசும்போது, "கீரியும் பாம்பும் என்னைக்கு ஒண்ணா இருந்துருக்கு?" என்பார்கள். விலங்குக் கதை ஏற்கெனவே அந்தப் பக்கத்துக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. சுண்டெலிப் பெண் கதை இன்னும் மோசம். முனிவர் எலியைப் பெண்ணாக மாற்றி வளர்க்கிறார், சூரியன், மேகம், காற்று, மலை என்று யாரைக் காட்டினாலும் பிடிக்கவில்லை, கடைசியில் எலியைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். பிறப்பு போகாது என்று அடித்துச் சொல்கிற கதை. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை நான் சொல்வதில்லை.

ஆகையால் வெறுப்பு, ஒதுக்கல் பற்றிப் பேச வேண்டுமானால் கூடுமானவரை ஒரே இன விலங்குகள் வருகிற கதையாகப் பார்த்து எடுக்கிறேன். புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் காடைகளின் கதை ஒன்று இருக்கிறது. வேடன் வலை வீசுகிறான். காடைகள் எல்லாம் வலைக்கண்ணில் தலையை நுழைத்து ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு பறந்து, ஒரு முள்செடி மேல் போட்டுவிட்டுக் கீழே நுழைந்து தப்பிவிடுகின்றன. கொஞ்ச நாள் இப்படியே நடக்கிறது. ஒரு நாள் மேயும்போது ஒரு காடை தெரியாமல் இன்னொன்றின் தலையை மிதித்துவிடுகிறது. சண்டை. "நீதான் வலையத் தூக்குறியோ? எங்க, தனியாத் தூக்கு பாப்போம்." அடுத்த தடவை வலை விழுந்தபோது யாரும் தூக்கவில்லை.

இதைப் பழைய கொசுவலை ஒன்றை வைத்து விளையாட்டாக நடத்துவேன். வலைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர், ஒன்று, ரெண்டு, மூணு என்று சொல்லித் தூக்கி வேப்பமரத்து அடியில் போட வேண்டும். வலை பெரிசு, ஒரு பாய்ப் பிள்ளைகள் மட்டும் தூக்கினால் ஒரு பக்கம் தரையில் இழுபடும். நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "ஏல, அந்த மூலைக்கு ஆள் வாங்கல" என்று அவர்களே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். சண்டை வருகிற காரணமும் அவர்களுக்குப் பழகினது. வராந்தாவில் பாதிச் சண்டை "என் கால மிதிச்சிட்டான்" என்றுதான் தொடங்கும். பின்னால் அந்த மாதிரி ஆரம்பிக்கும்போது யாராவது ஒரு பிள்ளை "காடை, காடை" என்று கத்தும், சிரிப்பு வந்துவிடும். எப்போதும் வராது. பல நேரம் வரும்.

யாருக்கு எந்த வேஷம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழா ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் சிங்கம் இருக்கும், புலி இருக்கும், சீறிக்கொண்டு. ஒவ்வொரு தரப்பும் ஒரு மிருகத்தைத் தன் மிருகம் என்று எடுத்து வைத்திருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அதுதான். ஆக, சிங்கம் வருகிற கதையைச் சொன்னால் பையன்களின் கண் உடனே மாறிவிடும், கதை போய்விடும், பெருமை வந்துவிடும். காடை, நண்டு, எறும்பு, ஆமை, முயல் இவற்றை எந்தத் தரப்பும் பேனரில் போடவில்லை. இதுவரைக்கும். அதே மாதிரி கறுப்பாக இருக்கிற பிள்ளைக்குக் காக்கா வேஷம் கொடுத்தால் அந்தப் பெயர் பத்தாவது வரைக்கும் ஒட்டிக்கொண்டே வரும். நான் சீட்டுக் குலுக்கிப் போடுவேன், அடுத்த சுற்றில் மாற்றிவிடுவேன். கழுதை, பன்றி, நாய் மூன்றும் சீட்டில் கிடையாது.

ஓநாயும் ஆட்டுக்குட்டியும் கதையில் மட்டும் எல்லாரும் ரெண்டு வேஷமும் போட்டே ஆக வேண்டும் என்பது விதி. ஓடையில் மேலே ஓநாய், கீழே ஆட்டுக்குட்டி. தண்ணியைக் கலக்குறே என்கிறது ஓநாய். தண்ணி உங்ககிட்ட இருந்துதானே என்கிட்ட வருது என்கிறது குட்டி. போன வருஷம் என்னைத் திட்டினே. போன வருஷம் நான் பிறக்கவே இல்லையே. நீ இல்லாட்டி உங்கப்பன். அந்தக் கடைசி வரியை எங்கள் பிள்ளைகள் எழுதிக் கொடுக்காமலே சரியான தொனியில் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் கேட்டிருக்கிறார்கள் அல்லவா. ஓநாய் வேஷத்தில் இருக்கிறவர்களைப் புதுசாகக் காரணம் கண்டுபிடிக்கச் சொன்னால் மழை மாதிரி கொட்டும்: என்னை முறைச்சே, என் நிழல மிதிச்சே, நீ சிரிச்சது என்னப் பாத்துத்தான். சட்டை நல்லா போட்டிருக்கே என்று கூட ஒருவன் சொன்னான். ஆட்டுக்குட்டி வேஷத்தில் இருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் சரியான பதில் சொல்லியும் தோற்கிறார்கள். அதுதான் அந்தக் கதையின் விஷயமே. நியாயமான பதில் வைத்திருந்தால் தப்பிக்கலாம் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒரு தடவை ஏழாவது படிக்கிற பிள்ளை கேட்டாள்: "மத்த ஆடெல்லாம் எங்க போச்சு எக்கா?" அதற்குப் பிறகு அந்த நாடகத்தில் வேடிக்கை பார்க்கிற ஆடுகளும் உண்டு. நாலைந்து பேர் ஓரமாக நிற்பார்கள். எந்த இடத்தில் பேசலாம், என்ன பேசலாம் என்பது அவர்கள் விருப்பம். முதல் குற்றச்சாட்டிலேயே, "தண்ணி மேலருந்துதான வருது" என்று எல்லா ஆடும் சேர்ந்து சொல்லிவிட்டால் ஓநாய் வேஷக்காரன் திணறிப்போகிறான். "உங்கப்பன்" வரைக்கும் விட்டுவிட்டால் அப்புறம் யார் பேசியும் ஆவதில்லை. எந்தக் கட்டத்தில் வாய் திறக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் நடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். நான் பத்து நாள் பேசினாலும் இது ஏறாது.

நீல நரி கதையைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். சாயத்தொட்டியில் விழுந்த நரி காட்டுக்கு ராஜாவாகி, தன் இனத்து நரிகளை விரட்டிவிட்டு, ஒரு நாள் ஊளைச் சத்தம் கேட்டுத் தானும் ஊளையிட்டு மாட்டிக்கொண்டு சாகிறது. புத்தகத்தில் உள்ள நீதி, சொந்த ஜனத்தை விட்டவன் கெட்டான் என்பது. ஏழாவது எட்டாவது பிள்ளைகளிடம் இதைப் பஞ்சாயத்தாக நடத்தினேன், நரி மேல் என்ன வழக்கு என்று. ஏமாற்றினது தப்பு என்றார்கள் சிலர். தன் ஆட்களையே விரட்டினது தப்பு என்றார்கள் பலர். ஒரு பிள்ளை மட்டும், "அது ராஜாவா இருந்தப்ப யாருக்காவது கெடுதல் பண்ணிச்சா?" என்றாள். தன் நரிகளை விரட்டினதை விட்டால் கதையில் அப்படி எதுவும் இல்லை. நல்லபடியாகத்தான் ஆண்டது. மாட்டிக்கொண்டது ஊளையிட்டதால் மட்டும்தான். வெளியூர் ஹாஸ்டலில் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டால் மழுப்பிவிட்டு வருகிற அண்ணன்மார் இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, நரி வேஷத்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். காலி நாற்காலியில் நீலத் துணி போட்டு வைத்தால் போதும்.

வதந்திக்கு ஜாதகத்து முயலை அடிக்க ஆள் இல்லை. வில்வக்காய் விழுந்த சத்தத்துக்கு, பூமி பிளக்கிறது என்று முயல் ஓட, காடே ஓடுகிறது. சிங்கம் ஒவ்வொரு விலங்காக, யார் பார்த்தது என்று கேட்டுக்கொண்டே முயல் வரைக்கும் போய், அதைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கே வருகிறது. (இந்த ஒரு கதைக்குச் சிங்கத்தை யானையாக மாற்றிவிடுவேன்.) ஒரு பையனுடைய ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனபோது, யார் எடுத்திருப்பார்கள் என்று கேட்கும் முன்னாலேயே ஒரு பாயைப் பார்த்து விரல் நீண்டது. "யார் பார்த்தது?" என்று கேட்டேன். அவன் சொன்னான், இவன் சொன்னான் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பாக்ஸைத் தொலைத்தவனே, "அவங்கதான எடுப்பாங்கன்னு நெனச்சேன்" என்றான். பாக்ஸ் வீட்டில் இருந்ததா, கிடைத்ததா என்பது கடைசி வரைக்கும் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான். கிடைத்திருந்தால், கிடைத்ததால்தான் அவர்கள் திருடவில்லை என்று ஆகியிருக்கும்.

பயம் என்பது வேறு. எல்லாப் பயத்தையும் தப்பெண்ணம் என்று சொல்லிவிடக் கூடாது. பஞ்சதந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் காகம் எலியிடம் வந்து நட்பு கேட்கும்போது எலி வளைக்குள் இருந்தபடியே, நீ தின்கிறவன், நான் தீனி, நமக்குள் என்ன நட்பு என்று கேட்கும். அந்த எலி கேட்பது நியாயம். அடிபட்ட வீட்டுப் பிள்ளையைப் பிடித்து, "கை குடுத்து ஃப்ரெண்ட் ஆகு" என்று சொல்வது வளைக்குள் கையை விட்டு எலியை வெளியே இழுப்பதுதான். கதையில் காகம்தான் வாசலில் காத்துக் கிடக்கிறது. எலி வெளியே வருவதற்கு முன்னால் நிறையப் பேச்சு நடக்கிறது. இந்தக் கதையைச் சொல்லும்போது, "எலி நம்பணும்னா காக்கா என்ன பண்ணணும்?" என்று கேட்பேன். எலி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கமாட்டேன். பதில் சொல்கிற பொறுப்பு எந்தப் பாய்க்குப் போகிறது என்று பாருங்கள்.

கதை கேட்டதாலேயே பிள்ளைகள் மாறிவிடுவார்கள் என்று நம்பிவிடவும் கூடாது. கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்வது பற்றிய கதையை, சிலருக்கு மனிதர்கள் வருகிற மாதிரியும் சிலருக்குச் சட்டை போட்ட விலங்குகள் வருகிற மாதிரியும் வாசித்துக் காட்டினார்கள். அப்புறம் ஸ்டிக்கர்களைக் கொடுத்து, கிடைக்காத பிள்ளைக்கு எத்தனை தருவாய் என்று பார்த்தார்கள். மனிதர் கதை கேட்ட பிள்ளைகள்தான் கூடுதலாகக் கொடுத்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆந்தைக்காக அழுத பிள்ளை அன்றைக்கே தண்ணீர் பாட்டிலை மறைத்து வைத்துக்கொள்வதைப் பார்த்தவள்தான் நான். விலங்கில் இருந்து மனிதருக்கு ஒரு பாலம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தப் பாலத்தை அன்றைக்கே போடுவதில்லை. ரெண்டு மூணு நாள் விட்டு, ஒரு அட்டைப் பெட்டியை வைப்பேன். ஊரில், வீட்டில், பள்ளிக்கூடத்தில் பார்த்த ஏதாவது ஒன்றை விலங்குப் பெயரிலேயே எழுதிப் போடலாம், எழுதினவர் பெயர் வேண்டாம். "காக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு ஆந்தையக் கூப்பிட்டாங்க. ஆனா தனியா உக்கார வச்சாங்க." "எங்க ஆச்சி ஆந்தைக்கு மட்டும் கொட்டாங்குச்சில காப்பி குடுக்கும்." இப்படி வரும். வாசிக்கும்போது யாரும் யார் என்று கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். எட்டாவதைத் தாண்டின பிள்ளைகளிடம் இது எடுபடாது, சிரிப்பார்கள். அவர்களிடம் விலங்கை ஓரம் கட்டிவிட்டு நேராகவே பேச வேண்டும். அதற்குத் தன்னார்வலர் ஒருத்தி போதாது, தலைமையாசிரியர் கூட நிற்க வேண்டும்.

பெற்றோர் கேட்பார்கள். "கதை சொல்லுதேன்னு எங்க பிள்ளைகள் மனசுல எதையும் ஏத்தாத தாயி" என்று ஒருவர் வந்து சொன்னார். உட்காருங்க அண்ணாச்சி, இன்றைக்கு முயல் கதை, கேட்டுட்டுப் போங்க என்றேன். கேட்டார். முயல் கதையில் யார் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்? விலங்குக் கதையின் பெரிய சௌகரியம் அதுதான். திட்டமாகக் கொஞ்சம் கதைகளை வைத்துக்கொண்டு, எந்தப் பெற்றோர் வந்தாலும் உட்கார வைக்கிற மாதிரியே நடத்துங்கள்.

ஆனால் ஒரு பிள்ளை கையில் காயத்தோடு வந்து நின்றால், தெருப் பெயரைச் சொல்லி அடித்தார்கள் என்று சொன்னால், அங்கே காக்காவும் இல்லை, ஆந்தையும் இல்லை. காயத்தைப் பாருங்கள், சொன்னதை அந்தப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள், அதன் வீட்டாரிடமும் தலைமையாசிரியரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். அங்கே அசைவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறையின் எண் 14417. இரண்டையும் வராந்தாச் சுவரில் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் சாக்பீஸால் எழுதிப் போட்டிருக்கிறேன், மழையில் அழிந்தால் அவர்களே மறுபடி எழுதிவிடுகிறார்கள்.